இடுப்பில் கட்டிய பெட்ஷீட்

மலையடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவ அலுவலராக இருந்தபோது, டிராக்டர் கவிழ்ந்து இடுப்பு நசுங்கிய ஒருவரைச் சரக்கு ஆட்டோவில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். எங்களிடம் இரத்த வங்கியும் இல்லை, ஸ்கேனும் இல்லை; மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 70 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. உடம்பில் பெரிய காயம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் நாடி 130-ஐத் தாண்டியிருந்தது, உள்ளங்கை வேர்த்துச் சில்லிட்டிருந்தது. இடுப்பெலும்பு உடைந்தால் இரத்தம் வெளியே வராமல் உள்ளேயே லிட்டர் கணக்கில் தேங்கிவிடும் என்பதால், எலும்பை இறுக்கிப் பிடிப்பதுதான் முதல் வேலை.

அதற்கென்று விற்கும் பெல்ட் எங்களிடம் இல்லாததால், பெட்ஷீட்டை நீளவாக்கில் மடித்து முதுகுக்கடியில் நுழைத்தேன். நான் அதை வேட்டி கட்டும் உயரத்தில் முடியப் போனபோது, மூத்த செவிலியர், “சார், இன்னும் கீழே” என்று என் கையைப் பிடித்து இறக்கினார். தொடையின் வெளிப்பக்கத்தில், மேலே கைக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்பின் மீதுதான் அந்தக் கட்டு உட்கார வேண்டும். இடுப்பு மடிப்பில் கட்டினால் பயனில்லை, உடைந்த எலும்பு இன்னும் விரியவும் கூடும். ஆளுக்கொரு பக்கம் இழுத்து முறுக்கி, முறுக்கு அவிழாதபடி இரண்டு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (கவ்விப் பிடிக்கும் இடுக்கி) மாட்டினோம். பாதங்களை உட்பக்கம் திருப்பி முழங்கால்களைச் சேர்த்துக் கட்டியபின், 108 வரும்வரை யாரும் அவரைப் புரட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எலும்பு உடைந்திருக்கிறதா என்று இடுப்பை அசைத்துப் பார்க்கும் பழக்கத்தை அன்றோடு நானும் விட்டேன்.

•

டாக்டருக்கு வணக்கம். நான் தாலுகா மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். இதே மாதிரி நோயாளிக்கு நாங்கள் இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் இரண்டு ஆம்பியூல், அதாவது 1 கிராம், 100 மில்லி சலைனில் கலந்து பத்து நிமிடத்தில் ஏற்றுவோம். விலை குறைந்த மருந்துதான். 2010-இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அது உயிர்காப்பதைக் காட்டியது. ஆனால் அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும், பிந்தினால் கெடுதலே செய்யக்கூடும். ஆகவே அடிபட்ட நேரத்தை நான் விடாமல் கேட்பேன். ஒருமுறை, நோயாளியுடன் வந்தவர் யாருக்கும் மணி தெரியவில்லை; “அஞ்சேகால் பஸ் போனதும் சத்தம் கேட்டது” என்றார் ஒரு பாட்டி. அந்த நேரத்தையே பிளாஸ்திரியில் எழுதி, நோயாளியின் மார்பில் ஒட்டி அனுப்பினேன்.