வெனிஸ் கடற்கரையில் கிடைத்த கறுப்புப் பற்கள்

கேள்வி: புளோரிடாவுக்கு வந்து ஒரு வருஷம். போன ஞாயிறு வெனிஸ் ஊரின் காஸ்பர்சன் கடற்கரையில் சல்லடையால் மணலை அரித்தேன். இரண்டு மணி நேரத்தில் 14 சுறாப் பற்கள், எல்லாம் கரிக்கட்டைக் கறுப்பு. உண்மையிலேயே பழசுதானா? எடுத்துவர உரிமம் வேண்டுமா?

பதில் 1: பழசுதான். விழும்போது வெள்ளைதான், மண்ணுக்குள் கிடந்து தாதுக்கள் ஏறித்தான் கறுக்கிறது. அங்கே முதுகெலும்பிகளின் புதைபடிவங்களுக்கு உரிமம் கேட்பார்கள், சுறாப் பல்லுக்கு மட்டும் விலக்கு.

பதில் 2: ஓரம் ரம்பமாக இருக்கிறதா? மெகலோடான் (அழிந்துபோன ராட்சதச் சுறா) பல் என்ற ஆசை வேண்டாம், ஆறு வருஷத்தில் எனக்கு உடைந்த பாதிதான் கிடைத்தது.

கேட்டவர்: ஒன்றில் ரம்பம் இருக்கிறது! ஆனால் சுண்டுவிரல் நகத்தளவுதான்.

பதில் 2: சரி, ஒரு பக்கம் சாய்ந்து, பின்புறம் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தால் புலிச்சுறா. படம் போடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து.