‘தாத்தா வீடு’ குழு: பதினோரு கதவுக்கு எந்தப் பலகை?

காலை 7:05 அம்மா: (படம்)

7:06 அம்மா: சிங்க்குக்குக் கீழே இருந்த கதவு நேற்று இரவு கையோடு வந்துவிட்டது. கீல் அதன் இடத்திலேயே தொங்குகிறது, கதவு மட்டும் என் கையில். ஆசாரி நாளைக் காலை மேட்டுப்பாளையம் இறங்குகிறார். எந்தப் பலகை என்று இன்று மாலை 6 மணிக்குள் சொல்ல வேண்டுமாம். பெயிண்ட் அடிக்கிற கதவுகள்தான். மொத்தம் பதினொன்று. அரிசி அலமாரிக் கதவு மட்டும் ஆள் உயரம். தை 15 நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கை கழுவச் சமையலறைக்குத்தான் வருவார்கள்.

7:09 கோத்தகிரி அத்தை: அடக் கடவுளே. டீயில் நனைத்த வர்க்கி மாதிரி அடுக்கடுக்காக விரிந்திருக்கிறதே.

7:09 அப்பா: ம்.

7:14 சித்தப்பா: அந்தப் பலகையைத் தேர்ந்தெடுத்தது யார்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

7:15 சித்தி: காலையிலேயே தொடங்காதீர்கள்.

7:31 பெரியப்பா: 2011-இல் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒளிக்க ஒன்றுமில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது, ஐ.எஸ். 303 என்ற எண்ணும் இருந்தது. ஆனால் அந்த ஒரே எண்ணுக்குள் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு தரம் இருந்தன. எம்.ஆர். என்றால் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. அதில் யூரியா பசை. சிங்க்குக்கு அடியில் பி.டபிள்யூ.ஆர். மாதிரி பீனால் பசை போட்ட பலகைதான் நிற்கும். அதில் உயர்ந்தது மெரைன் பிளை, ஐ.எஸ். 710. கொதிக்கிற தண்ணீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் ஒட்டு விடக் கூடாது, அதுதான் அதற்கு வைக்கிற பரீட்சை.

7:32 சித்தப்பா: மார்கழிக் குன்னூரில் நமக்கே குளிக்க வெந்நீர் கிடைப்பதில்லை. பலகைக்கு 72 மணி நேரமா?

7:33 அக்கா: 😂

7:36 பெரியப்பா: இன்னும் முடிக்கவில்லை. பாலிஷ் போடுகிற கதவுக்கு மரம் பார்ப்பது வேறு, பெயிண்ட் அடிக்கிற கதவுக்குப் பார்ப்பது வேறு. பாலிஷுக்கு முகத்தில் ரேகை ஓட வேண்டும். பெயிண்டுக்கு முகம் சமமாக, ஓட்டை உடைசல் இல்லாமல் இருந்தால் போதும். ரேகைக்குக் கொடுக்கிற காசு பட்டிக்கு அடியில் புதைந்து போகும். அந்தக் காசை உள்ளே இருக்கும் பசைக்குக் கொடுக்க வேண்டும். கதவு முதலில் கெடுவதும் முகத்தில் அல்ல, அடி விளிம்பில். மல்லிகா, அந்தக் கதவைக் கவிழ்த்து அடி விளிம்பைப் படம் எடுத்து அனுப்பு.

7:52 அம்மா: (படம்)

7:53 அம்மா: அடி விளிம்பில் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை மாமா. வெறும் பலகை. ஓரத்தில் பென்சிலால் ‘கீழ் 4’ என்று ஆசாரி எழுதியது அப்படியே இருக்கிறது. இத்தனை வருடமாகத் தரையைத் துடைக்கும்போதெல்லாம் ஈரத்துணி இதில்தான் உரசியிருக்கிறது.

7:54 பெரியப்பா: பார்த்தீர்களா! பலகை மட்டும் குற்றவாளி இல்லை.

7:54 சித்தப்பா: அப்போது பெயிண்ட் அடித்தது யார்?

7:55 அப்பா: நான்.

7:55 சித்தி: 🙈

8:02 கோத்தகிரி அத்தை: பேசாமல் தேக்கில் செய்துவிடுங்கள். அப்பா செய்துவைத்த தேக்கு அலமாரி கோயம்புத்தூரில் சும்மாதான் நிற்கிறது. அதன் கதவுகள் இன்றுவரை ஒரு நூல் கோணவில்லை.

8:03 கோத்தகிரி அத்தை: பேச்சுக்குச் சொன்னேன்.

8:20 பெரியப்பா: தேக்கை வாங்கி அதன் மேல் பெயிண்ட் அடிப்பது பட்டுப்புடவைக்கு மேல் மழைக்கோட்டு போடுவது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. அதோடு முழு மரம் எதுவானாலும் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். சட்டமும் சட்டமும் சேருகிற மூலையில் பெயிண்ட் மயிரிழையாக வெடிக்கும்.

8:21 கோத்தகிரி அத்தை: நான் அலமாரியைப் பற்றிச் சொன்னதற்கு இதுவா பதில்?

8:21 சித்தி: அண்ணி, டிபன் ஆயிற்றா?

8:22 கோத்தகிரி அத்தை: ஆகவில்லை.

9:10 பெங்களூர் அண்ணன்: எங்கள் வீட்டில் எல்லாக் கதவும் எம்.டி.எஃப்., மரநாரை அழுத்திச் செய்த பலகை. ரேகையே கிடையாது, பெயிண்ட் கண்ணாடி போல் உட்கார்ந்திருக்கிறது. பிளைவுட்டில் என்னதான் பட்டி பார்த்தாலும் கொஞ்ச நாளில் ரேகை வெளியே தெரியும்.

9:24 பெரியப்பா: என் மகன் சொல்வது பாதி சரி. முகத்துக்கு எம்.டி.எஃப்.-ஐ அடிக்க ஆளில்லை. ஆனால் அறுத்த விளிம்பு இருக்கிறதே, அது பிரைமரை அப்படியே குடித்துவிடும். தேய்த்துத் தேய்த்து இரண்டு மூன்று பூச்சு விளிம்புக்கு மட்டும் கொடுக்க வேண்டும். சாதாரண எம்.டி.எஃப்.-இல் ஒருமுறை தண்ணீர் ஏறி உப்பினால் பிறகு இறங்காது. ஓரத்தில் திருகாணியும் சரியாகப் பிடிக்காது. கனமும் அதிகம். 8-க்கு 4 அடி, 18 மி.மீ. பலகை ஒன்று ஏறக்குறைய 40 கிலோ.

9:25 அப்பா: படி 42.

9:25 சித்தப்பா: அண்ணன் இன்று நிறையப் பேசுகிறார்.

9:27 அம்மா: சாலையிலிருந்து வீட்டுக்கு 42 படி என்கிறார். சுமப்பது அவரும் ஆசாரியின் பையனும்தான்.

9:40 சித்தப்பா: வீட்டுக்குப் பின்னால் நிற்கிற சில்வர் ஓக்கை வெட்டினால் என்ன? படியே ஏற வேண்டாம்.

9:58 பெரியப்பா: 1955-இல் போட்ட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் நிலத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் கோடரி வைக்க முடியாது. அனுமதி வாங்கி வெட்டினாலும் பச்சை மரம். இந்தப் பனிமூட்டத்தில் அது காய்ந்து பலகையாவதற்குள் உன் அண்ணன் பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான்.

9:59 அக்கா: பெரியப்பா, நிச்சயமே இன்னும் ஆகவில்லை.

10:30 அக்கா: மதுரையிலிருந்து வேனில் 14 பேர் வருகிறார்கள். நீலகிரிக்குள் வண்டி வர இ-பாஸ் யார் எடுப்பது? நாமா, அவர்களா?

10:31 சித்தப்பா: அவர்கள்.

10:31 சித்தி: நாம் எடுத்துக் கொடுத்தால்தான் மரியாதை.

10:33 அம்மா: வண்டி எண்ணே இன்னும் தெரியாது.

10:34 சித்தப்பா: நமக்கு டி.என். 43, நீலகிரி வண்டி, கவலையில்லை. 2024 மேயிலிருந்து என் சகலை ஊட்டி என்ற பேச்சையே எடுப்பதில்லை. இ-பாஸால் கிடைத்த ஒரே நன்மை.

10:35 சித்தி: அது யாருடைய அக்கா புருஷன் என்று நினைவிருக்கட்டும்.

11:15 கோத்தகிரி அத்தை: எல்லோரும் கொஞ்சம் இருங்கள். கீழ் வீட்டுச் சமையலறைக்குள் இரவு கரடி புகுந்திருக்கிறது. கதவை உடைத்து நல்லெண்ணெய் டின்னை வெளியே இழுத்துப் போட்டு நக்கியிருக்கிறது. வனத்துறைக்கு இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள்.

11:16 அம்மா: அய்யோ அண்ணி, வெளியே வராதீர்கள்.

11:16 சித்தப்பா: எந்தத் தரத்துக் கதவு?

11:17 கோத்தகிரி அத்தை: தகரம்.

11:18 சித்தப்பா: அண்ணா, கரடிக்கு ஐ.எஸ். எண் எதுவும் உண்டா?

11:40 பெரியப்பா: விளையாட்டு போதும். ஆள் உயரக் கதவைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த உயரத்துக்குப் பிளைவுட் வில்லாக வளையும். அதற்கு மட்டும் பிளாக் போர்டு, நடுவில் மரக்கட்டை வரிசை இருப்பதால் நேராக நிற்கும். கட்டை உயரவாக்கில் ஓட வேண்டும், கடையில் பார்த்து வாங்கச் சொல். இன்னொன்று, எல்லாக் கதவுக்கும் முன்பக்கம் எத்தனை பூச்சோ உள்பக்கமும் அத்தனை. ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று உள்பக்கத்தை விட்டால், அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்துக் கதவு வளையும்.

11:42 அப்பா: விடவில்லை. விளிம்பு மட்டும்தான்.

11:43 சித்தப்பா: வாக்குமூலம் பதிவாகிவிட்டது.

மதியம் 12:20 கோத்தகிரி அத்தை: மார்கழியில் புது வேலை தொடங்கலாமா?

12:21 அம்மா: பழுதுதானே அண்ணி, புதுமனை இல்லையே.

12:22 கோத்தகிரி அத்தை: உன் விருப்பம்.

12:50 பெரியப்பா: மார்கழியால் வேறு தொல்லை இருக்கிறது. டூகோ, அதாவது ஸ்பிரேயில் அடிக்கிற பெயிண்ட், அடிப்பதாக இருந்தால் பனி விழுகிற நேரத்தில் அடிக்கக் கூடாது. ஈரம் பட்டால் பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். காலை 11 மணிக்கு மேல், மாலை 3 மணிக்குள், வெயில் இருக்கிற நாளில் மட்டும். எனாமல் என்றால் வெளுக்காது, ஆனால் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

12:51 அம்மா: பொங்கலுக்கு ஆசாரி ஐந்து நாள் ஊருக்குப் போய்விடுவார் மாமா.

12:51 சித்தப்பா: அப்படியானால் கதவில்லாமலேயே நிச்சயம்.

2:15 அக்கா: நிறம் என்ன என்று யாரும் கேட்கவே இல்லை. எனக்குச் சாம்பல் நிறம். படம் அனுப்பட்டுமா?

2:16 கோத்தகிரி அத்தை: நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சாம்பலா? எங்கள் அம்மா இருந்தவரை அந்தச் சமையலறை இளம்பச்சைதான்.

2:17 அக்கா: அத்தை, அது ஆஸ்பத்திரிப் பச்சை.

2:17 பெங்களூர் அண்ணன்: சாம்பலுக்கு என் ஓட்டு.

2:18 கோத்தகிரி அத்தை: நீ உன் வீட்டில் அடித்துக்கொள். அலமாரியும் அங்கேதானே போகப் போகிறது.

2:18 சித்தி: 😶

2:19 பெங்களூர் அண்ணன்: அத்தை, எனக்கு ஒன்றும் தெரியாது.

4:40 அம்மா: நேரமாகிறது. நான் புரிந்துகொண்டது இது. சிங்க், அடுப்பு மேடைக்குக் கீழே வருகிற ஆறு கதவுக்கு மெரைன். உயரக் கதவுக்கு பிளாக் போர்டு. மேலே இருக்கிற நான்கும் சுவரோடு இருக்கின்றன, தண்ணீர் படாது. அவற்றுக்கு எம்.டி.எஃப். போதுமா?

4:52 பெரியப்பா: போதும். விளிம்பை மூடுவதாக இருந்தால்.

4:53 அப்பா: எல்லாம் ஒரே பலகை.

4:53 அம்மா: ஏன்?

4:58 அப்பா: மேல் சுவர் மழையில் வியர்க்கிறது.

5:01 பெரியப்பா: அதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா! அப்படியானால் எம்.டி.எஃப். வேண்டாம். மேலேயும் மெரைன், அல்லது குறைந்தது பி.டபிள்யூ.ஆர். கீழே ஆறுக்கு ஒரு பலகை போதும். மேல் கதவுகளையும் சேர்த்தால் இரண்டு.

5:02 பெங்களூர் அண்ணன்: ரேகை தெரியும்.

5:02 பெரியப்பா: தெரிந்தால் தெரியட்டும். உப்புவதற்கு அது மேல். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, மறுபடியும் உப்புத்தாள். அவசரப்படாமல் செய்தால் ஒரு கை தூரத்தில் தெரியாது.

5:48 அம்மா: ஆசாரி போனை எடுக்கவில்லை.

6:10 அம்மா: எடுத்துவிட்டார். இன்று மதியமே கேரட் லாரியில் இடம் கிடைத்து இறங்கிவிட்டாராம். கடையில்தான் நிற்கிறார். மெரைன் ஒன்று, பிளாக் போர்டு ஒன்று சொல்லிவிட்டேன். மேல் கதவுக்கு அவரிடம் பணம் போதவில்லை, நாளை பார்க்கலாம் என்கிறார். பெயிண்ட் டப்பாவையும் அங்கேயே வாங்கிவிடட்டுமா என்று கேட்கிறார். பத்து நிமிடத்தில் நிறம் சொல்ல வேண்டும்.

6:11 அக்கா: சாம்பல்.

6:11 கோத்தகிரி அத்தை: பச்சை.

6:12 சித்தப்பா: அண்ணன் சொல்லட்டும்.

6:12 அப்பா: ம்.

6:14 பெரியப்பா: பலகையை மேலே கொண்டு வந்ததும் அறுக்க வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லுங்கள். சமவெளியில் காய்ந்த பலகை. ஒரு வாரம் வீட்டுக்குள் படுக்கவைத்து, இந்தக் காற்றுக்குப் பழக விட வேண்டும். கதவுக்கும் கதவுக்கும் நடுவில் 3 மி.மீ. இடைவெளி...

6:14 சித்தப்பா: அண்ணா, ஆசாரி இந்தக் குழுவில் இல்லை.

6:15 அம்மா: ஒரு வாரம் படுக்கவைத்தால் பொங்கல் வந்துவிடும் மாமா.

6:17 பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

6:17 சித்தி: என்ன எழுதினீர்கள் மாமா? நான் பார்க்கவில்லை.

6:18 சித்தப்பா: நானும்தான்.

6:19 கோத்தகிரி அத்தை: அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன் அண்ணா.

6:20 சித்தப்பா: அக்கா, என்ன எழுதியிருந்தார்?

6:22 கோத்தகிரி அத்தை: மல்லிகா, அவள் கேட்ட சாம்பலையே வாங்கச் சொல்லிவிடு.