பேட்லாண்ட்ஸில் பைசனோடு நின்றுவிடாதீர்கள்

அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் பேட்லாண்ட்ஸ் பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பைசன் என்னும் காட்டெருதைத் தேடித்தான் போகிறார்கள். பார்க்க வேண்டியதுதான். 1963-இல் திரும்பக் கொண்டுவந்து விட்ட மந்தையின் வாரிசுகள் இன்று சேஜ் கிரீக் பக்கம் கூடாரங்களுக்கு நடுவிலேயே மேய்ந்துகொண்டு போகின்றன. வால் மேலே எழுந்து நின்றால் கோபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 100 கெஜத்துக்குக் கிட்டே எப்போதும் போகாதீர்கள். ஆனால் அந்தச் சமவெளியை எனக்குப் புரியவைத்தவை, வளை தோண்டி வாழும் பிரெய்ரி டாக் என்னும் சிறு பிராணிகள்தான்.

சேஜ் கிரீக் ரிம் ரோடு மண்சாலை. அதில் ராபர்ட்ஸ் பிரெய்ரி டாக் டவுன் வரும். எங்கு பார்த்தாலும் வளைகள், வளைகளைச் சுற்றி மண்மேடுகள். காலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அணில் குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் குண்டுப் பிராணிகளில் ஒன்று பின்னங்காலில் எழுந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கத்தியது. பக்கத்து மேட்டில் இன்னொன்று, அப்புறம் அடுத்தது என்று கத்தல் மேடு மேடாகப் பரவியது. அக்கம்பக்கத்தார் விழிப்பாக இருக்கிறார்களா என்று சோதிக்கும் குரல் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

திடீரென்று குரல் மாறியது. விட்டுவிட்டு, ஓயாத குரைப்பு. மண் தோண்டி வேட்டையாடும் பேட்ஜர் என்னும் விலங்கு ஒன்று வளைவாயில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, ஓநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு கயோட்டி, அசையாமல். பேட்ஜர் தோண்டினால் இரை வேறு வழியாக வெளியே ஓடும், கயோட்டி துரத்தினால் வளைக்குள் பாயும். இப்படி இரண்டும் சேர்ந்து வேட்டையாடுவதைப் படித்திருக்கிறேன். நேரில் பார்த்தபோது மூச்சுவிடக்கூடத் தோன்றவில்லை. நாங்கள் இருந்தவரை இரண்டுக்கும் எதுவும் சிக்கவில்லை.

அதே வளைகளை நம்பி வாழும் இன்னொரு விலங்கு, கீரிபோல நீண்ட உடல்கொண்ட கருங்கால் ஃபெரட். இரவில்தான் நடமாடும். அதன் உணவில் பத்தில் ஒன்பது பங்கு பிரெய்ரி டாக்தான். மாட்டுக்குப் புல் மிஞ்சாது என்று பண்ணைகளில் பிரெய்ரி டாக்குக்கு விஷம் வைக்க, ஃபெரட்டும் கூடவே போனது. அழிந்தே போய்விட்டது என்று எண்ணியிருந்தபோது, 1981-இல் வயோமிங்கின் மீட்டீட்சியில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. தேடினால் அங்கே ஒரு சிறு கூட்டமே இருந்தது. 1987-க்குள் மிச்சமிருந்த 18-ஐப் பிடித்து வந்து பெருக்கினார்கள். அந்த வாரிசுகளைத்தான் 90-களில் பேட்லாண்ட்ஸிலும் பக்கத்துக் கொனாட்டா படுகையிலும் விட்டார்கள். 2008-இல் அங்கேயும் பிளேக் வந்துவிட்டது. தெள்ளுப்பூச்சி பரப்பும் நோய், பிரெய்ரி டாக், ஃபெரட் இரண்டையுமே கொல்லும். வளை வளையாகப் போய்த் தெள்ளுமருந்து தூவித்தான் மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். அந்த வேலை செய்தவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

திரும்பும் வழியில், மான்போல இருக்கும் ஒரு புரோங்ஹார்ன். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது, வேலியைத் தாண்டாமல் கம்பிக்கு அடியில் புகுந்து போனது.

போகிறவர்கள் விடிந்ததும் போங்கள். பிரெய்ரி டாக்குக்குத் தீனி போட வேண்டாம், உங்கள் நாயை அங்கே இறக்கிவிடவும் வேண்டாம். ஃபெரட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. இங்கே யாராவது பார்த்திருந்தால் எந்த மாதம், இரவில் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.