உறைபனியில் கருகும் கறிவேப்பிலை: நுவரெலியா பக்கம் எப்படிக் காப்பாத்துறது?

கந்தப்பளை மலர்:
வீட்டுக்குக் கீழ, கான் (தண்ணி வடியுற வாய்க்கால்) ஓரமா ஒரு கறிவேப்பிலைச் செடி நிக்குது. மூணு அடி உயரம். ஜனவரிப் பனியில நுனிக் கொழுந்தெல்லாம் கருத்துத் தொங்குது. அடி இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. உரச்சாக்கைத் தலையில போட்டுத் தண்டோட சேர்த்துக் கட்டியிருக்கு, அப்படியும் கருகுது. கருகினதை இப்பவே வெட்டிடலாமா? மத்த இலை சமையலுக்கு ஆகுமா?

ஹாவாஎலிய தோட்டம்:
தங்கச்சி, இப்பக் கத்தியை எடுக்காதீங்க. கருகின இலைதான் கீழ இருக்கிற மொட்டுக்கு அடுத்த பனியில கொஞ்சம் மறைப்பு. இப்ப வெட்டினா புதுத் துளிர் கிளம்பும், பெப்ரவரிப் பனி அதையும் சேர்த்துக் கருக்கும். மார்ச்சுல பனிப் பயம் போனதும் நகத்தால பட்டையைச் சுரண்டிப் பாருங்க. உள்ள பச்சையா இருக்கிற இடத்துக்குச் சரியா மேல, ஒரு கணுவை ஒட்டிக் கவ்வாத்துப் பண்ணுங்க (வெட்டி விடுங்க). தண்டு முழுக்கக் காய்ஞ்சு போனாலும் பிடுங்கிப் போடாதீங்க, வேர்ல இருந்து கன்னு வரும்.

முதல் கோளாறு இடம்தான். மேகமில்லாத, காத்தில்லாத ராத்திரியில தரையில உள்ள சூடு நேரா வானத்துக்குப் போயிடும். குளிர்ந்த காத்து கனமானது, சரிவுல இறங்கிப் பள்ளத்துலயும் கான் ஓரத்துலயும் தேங்கும். அதனாலதான் ஒரே மலையில மேட்டுத் தேயிலை பச்சையா நிக்க, பள்ளத்துத் தேயிலை மட்டும் கருகுது. ஆள் உயரத்துல 3, 4 பாகை செல்சியஸ் சூடு இருக்கும்போதே புல் நுனியில பனி உறைஞ்சிடும்.

சாக்கு கட்டின முறையும் சரியில்ல. தரையில இருந்து வர்ற சூட்டைப் பிடிச்சு வைக்கத்தான் மூடுறோம். தண்டோட இறுக்கினா அந்தச் சூடு உள்ளேயே வராது. நாலு கம்பு ஊன்றி, இலையில படாம சாக்கைப் போட்டு, ஓரம் தரையைத் தொடுற மாதிரி கல் வைங்க. பொழுது சாயறதுக்கு முன்னாடியே மூடணும், காலையில பனி உருகினதும் திறக்கணும். பொலித்தீன் மட்டும் வேணாம், அது பட்ட இலை அப்படியே உறைஞ்சு போகும்.

பண்டாரவளை குமார்:
மஞ்சளுக்கும் பனிக்கும் சம்பந்தம் குறைவுங்க. அடி இலையில நரம்பு பச்சையா, நடுவுல மஞ்சளா இருந்தா மக்னீசியம் பத்தல. தேயிலை மண் புளிப்பு மண், கறிவேப்பிலைக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. ஒன்றரை அடி வட்டத்துல 100 கிராம் டொலமைட் (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புத் தூள்) தூவி, மண் கிளறுற முள்ளால மேலாக் கொத்தித் தண்ணி விடுங்க. யூரியாவை அதே நாள் போட வேணாம், சத்து வாயுவாப் பறந்துடும். ஒரு மாசமாவது கழிச்சு, பனிப் பயம் போனதும் 15 கிராம் போதும். ஒக்டோபருக்குப் பிறகு யூரியாவே வேணாம், பனி நேரத்துல இளங்கொழுந்து வந்தா அதுதான் முதல்ல போகும்.

அடியில மானாப்புல் (நீளமா வளர்ற ஒரு புல்) வெட்டித் தடிப்பாப் பரப்பி விடுங்க, வேர் குளிராது.

ஹாவாஎலிய தோட்டம்:
குமார் அண்ணே, டொலமைட் விஷயம் சரி. மானாப்புல்லை மட்டும் பனி மாசத்துல விலக்கி வைக்கணும். புல் மூடின மண் பகல் வெயிலை வாங்காது, ராத்திரி சூட்டையும் மேல விடாது. மேல இருக்கிற இலைக்கு அதனால குளிர் கூடும். மண்ணை வெறுமையா வச்சு, மத்தியானம் நல்லா நனைச்சு விடுங்க. ஈரமண் சூட்டைக் கூடுதலாப் பிடிக்கும். தண்டோட அடிக்கு அரை அடி உயரம் மண் அணைச்சா போதும், மார்ச்சுல அதை எடுத்துடுங்க.

கந்தப்பளை மலர்:
நன்றி அண்ணே. அப்ப இடம் மாத்தலாமா, புதுசா வைக்கலாமா?

பண்டாரவளை குமார்:
மூணு அடிச் செடியைப் பெயர்த்தா ஆணிவேர் அறுந்து போகும். அது அங்கேயே இருக்கட்டும். ஏப்ரல் மழையோட வேர்க்கன்னு ஒண்ணை வேரோட வெட்டி, 14 அங்குலத் தொட்டியில வைங்க. மண், மக்கின எரு, ஆத்துமணல் சம அளவு. தொட்டியைப் பகல் வெயில் வாங்குற சுவர் ஓரம், கூரை இறவாணத்துக்குக் கீழ வச்சா பனி நேரா இறங்காது. விதைன்னா கறுத்த பழத்தோட சதையைக் கழுவி உடனே போடணும், காய்ஞ்ச விதை முளைக்காது. மாத்தளையில இருந்து கன்னு கொண்டு வந்தாலும் மார்ச், ஏப்ரல்லதான் வாங்குங்க. டிசம்பர்ல வந்தா பழக நேரம் இருக்காது.

இளங்கன்னுல குருவி எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தா அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சிப் புழு. பெருத்ததும் பச்சையா மாறி, சின்னக் கன்னை மொட்டையாக்கிடும். கையால எடுத்தாலே போதும்.

ஹட்டன் செல்வி அக்கா:
சமையல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. கறுத்த இலையில வாசம் இருக்காது, விட்டுடுங்க. பச்சையா இருக்கிறதைத் தாராளமா எடுக்கலாம். ஒவ்வொரு இலையா உருவாம, நுனியோட கிள்ளுங்க, அப்பத்தான் பக்கக்கிளை வெடிக்கும். பூமொட்டு வந்தா அதையும் கிள்ளிடுங்க. நவம்பர்ல இருந்து மட்டும் கை வைக்கிறதைக் குறைச்சு, அதுக்கு முன்னாடியே சேர்த்து வைங்க. இந்த மூடுபனியில நிழல்ல காய வச்சா பூஞ்சணம் பிடிக்கும். கழுவி, ஈரம் துடைச்சு, ஈர்க்கோட பையில போட்டு உறைய வைக்கிறதுதான் நல்லது. எடுத்து வெளியில வச்சா கறுத்துடும். உறைஞ்சபடியே சூடான எண்ணெயில போடுங்க, தெறிக்கும், மூடியைக் கையில வச்சுக்கங்க.