ஹெட்லைட் சூடானால் அணைகிறது, ஆறினால் எரிகிறது. சுவிட்சா, வயரா?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட், மலேசியா):
அண்ணன்மார்களுக்கு வணக்கம். கைமாறி வந்த பழைய கார். ஹெட்லைட் போட்டுக் கால் மணி நேரம் ஓட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாக அணைந்துவிடுகிறது. லோ பீமும் (கிட்டத்து ஒளி) வராது, ஹை பீமும் (தூரத்து ஒளி) வராது. பார்க்கிங் லைட்டும் மீட்டர் லைட்டும் மட்டும் எரியும். ஸ்டியரிங் பக்கத்து லைட் தண்டை இழுத்து பாசிங் அடித்தால் ஹை பீம் வரும், விட்டால் மறுபடி இருட்டு. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் தானாகச் சரியாகிவிடும். ஃபியூஸ் எதுவும் அறவில்லை. இங்கே டவுனில் ஒரு மெக்கானிக் பல்பைக் கழற்றிவிட்டு சாக்கெட்டில் மீட்டர் வைத்தார். 12 வோல்ட் காட்டியது. வயரிங் சரி, பேட்டரியை மாற்று என்கிறார்.

மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து செம்பனைத் தோட்டத்துக்குள்ளே செம்மண் பாதையில்தான் வீட்டுக்கு வர வேண்டும். தெருவிளக்கு கிடையாது. எதிரே லைட் இல்லாத மோட்டோ வரும், காட்டுப்பன்றி குறுக்கே ஓடும். பயமாக இருக்கிறது, உதவுங்கள்.

கம்பிக்காரர்:
தம்பி, பேட்டரிக்குக் காசு போடாதே. நீ சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. பாசிங்கில் ஹை பீம் எரிகிறது என்றால் பல்பு, எர்த், முன்னால் போகும் வயர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பல கார்களில் பாசிங் லைட்டுக்குக் கரண்டு ஹெட்லைட் சுவிட்சின் உள்ளே போகாமல் தனி வழியில் வரும். லோ மட்டும் போயிருந்தால் டிம்மர் (லோ, ஹை மாற்றும் சுவிட்ச்) பக்கம் பார்க்கச் சொல்லியிருப்பேன். உனக்கு இரண்டும் சேர்ந்து போகிறது, பார்க்கிங் நிற்கிறது. அப்படியானால் தண்டுச் சுவிட்சில் ஹெட்லைட்டுக்கான பித்தளைத் தொடர்பு, இல்லாவிட்டால் அதன் சாக்கெட்டில் உள்ள பின் (வயர் முனையின் உலோகக் கால்), இரண்டில் ஒன்று கெட்டிருக்கும்.

பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்டு ஓடாது. கரண்டு ஓடாத வயரில் வோல்ட் இறங்காது. வயரில் ஒரே ஒரு நூல் இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். லைட் எரியும்போதே அளக்க வேண்டும். என்ஜினை ஓடவிட்டு லோ பீம் போடு. மீட்டரின் சிவப்புக் கம்பியைப் பேட்டரி பிளஸ்ஸிலும், கறுப்பைப் பல்பு சாக்கெட்டின் பின்பக்கம் லோ பீம் பின்னிலும் வை. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் அந்த வழியில் எங்கோ கரண்டு சூடாக வீணாகிறது. அதே மாதிரி பல்பின் எர்த் பின்னையும் பேட்டரி மைனஸையும் அளந்து பார். சில ஜப்பானிய அமைப்புக் கார்களில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், அதனால் இரண்டு பக்கமும் பார்த்தே ஆக வேண்டும். பல்பில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது, அதையும் சொல்.

ஈப்போக்காரன்:
எல்இடி பல்பு போடுங்கள் தம்பி, கரண்டு குறைவு, பிரச்சினை தீர்ந்தது.

கம்பிக்காரர்:
கரண்டு குறைவதால் கோளாறு மறைந்துதான் போகும், கருகிய சாக்கெட் பின் கருகினபடியே கிடக்கும். ஹாலஜனுக்குச் செய்த கண்ணாடியில் மலிவான எல்இடி போட்டால் ஒளி சிதறி எதிரே வருகிறவன் கண் கூசும். அந்தக் குறுகிய பாதையில் அது ஆபத்து.

லயத்துப்பையன்:
அளந்தேன் அண்ணே. பேட்டரியில் 13.8, எர்த் பக்கம் 0.1 தான். பிளஸ் பக்கம் சூடாவதற்கு முன்பே 2.9 வோல்ட் இறங்குகிறது! ஸ்டியரிங் அடி மூடியைக் கழற்றி சுவிட்சின் உள்ளே போகும் வயருக்கும் வெளியே வரும் வயருக்கும் நடுவில் வைத்தேன். அங்கேயே 2.4. சாக்கெட் பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றிப் பழுப்பாகி உருகியிருக்கிறது. பல்பில் 100/90 என்று எழுதியிருக்கிறது, முன்பு வைத்திருந்தவர் போட்டது. இவ்வளவு சூட்டுக்கும் ஃபியூஸ் ஏன் அறவில்லை?

கம்பிக்காரர்:
சபாஷ், சரியாகப் பிடித்துவிட்டாய். ஃபியூஸ் கரண்டு கூடினால்தான் அறும். தொடர்பு கெட்டால் கரண்டு குறையத்தான் செய்யும், அதனால் அதற்கு ஒன்றும் தெரியாது. லோ, ஹை இரண்டும் ஒன்றாக உள்ள சாதாரண எச்4 பல்பு 60/55 வாட், அதாவது ஹை 60, லோ 55. லோ பீம் இரண்டுக்கும் 110 வாட், சுமார் 9 ஆம்பியர். உன்னிடம் இருப்பது லோ 90, இரண்டுக்கும் 180 வாட், 15 ஆம்பியர் பக்கம். வோல்ட் இறங்கியிருப்பதால் இப்போது 13 ஓடுகிறது என்று வைத்துக்கொள். அதை 2.4 ஆல் பெருக்கினால் 31 வாட். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயன் ஒன்றை அந்தச் சின்னப் பின்னுக்குள் சொருகி வைத்த மாதிரி.

முதலில் 60/55க்கு மாறு. கெடாய் போத்தோங்கில் (பழைய கார் உதிரிபாகக் கடை) சுவிட்சும் வயரோடு வெட்டிய சாக்கெட்டும் சேர்த்து வாங்கு. சுவிட்சை மட்டும் மாற்றினால் உருகிய பழைய சாக்கெட் பின் புதியதையும் கெடுத்துவிடும். ஃபியூஸைப் பெரிதாக்காதே, வயரே தீப்பிடிக்கும். வேலை தொடங்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்று. ஏர்பேக் உள்ள கார் என்றால் ஸ்டியரிங்கை நீயாகக் கழற்றாதே.

அப்புறம் ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து, பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்குக் கொண்டு போ. 87 பல்புக்கு. 86க்குப் பழைய ஹெட்லைட் வயர், 85 எர்த். பிறகு சுவிட்ச் வழியாகப் போவது ரிலே சுருளுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்டுதான்.

லயத்துப்பையன்:
எல்லாம் மாற்றியாயிற்று அண்ணே, ரொம்ப நன்றி. இப்போது பல்பில் 13.4 வருகிறது. 55 வாட்தான், ஆனால் முன்பைவிட வெளிச்சம் நன்றாக இருக்கிறது. முந்தாநாள் ஷிப்ட் முடிந்து வீடு வரைக்கும் அணையவே இல்லை. ரிலேயை ரேடியேட்டர் பக்கம் மாட்டியிருக்கிறேன், மழைத் தண்ணீர் படுமா?

கம்பிக்காரர்:
படும். மேலே தள்ளி, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டு, உள்ளே தண்ணீர் தங்காது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு, லைட் எரியும்போது சுவிட்ச் சாக்கெட்டைக் கையால் தொட்டுப் பார். சூடு இருக்கவே கூடாது.