பலாலி – திருச்சி: 184 கிலோமீற்றருக்கு ஏன் ஒரு மணித்தியாலம்?

கொக்குவில் மகள்:
வணக்கம். தை மாதம் அம்மாவைக் கண் வைத்தியத்துக்கு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சி, அங்கிருந்து ரயில். தூரம் தேடினால் ஒரு இடத்தில் 184, இன்னொன்றில் 114, வேறொன்றில் 99 என்று கிடக்கிறது. ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் போகுமாம். அப்படியென்றால் 22 நிமிடம்தானே? ரிக்கற்றில் ஒரு மணித்தியாலம் மட்டில் போட்டிருக்கிறது. நடுவில் எங்கேயும் இறங்குமா, இல்லை நேர வித்தியாசமா? எத்தனை மணி ரயிலுக்குப் பதிவது? அம்மாவுக்கு 74 வயது. கடைசியாக இந்தியா போனது தலைமன்னார்க் கப்பலில். அவவை ஓட வைக்க எனக்கு விருப்பமில்லை.

பலாலி வீதி:
தங்கச்சி, மூன்றும் ஒரே தூரம்தான். 184 கிலோமீற்றர், 114 மைல், 99 கடல் மைல். விமானிகள் பார்ப்பது கடல் மைல். நடுவில் எங்கும் இறங்காது. நேர வித்தியாசமும் இல்லை. 2006 சித்திரையோடு இலங்கை நேரம் பழையபடி இந்திய நேரத்துக்கே வந்துவிட்டது.

ரிக்கற்றில் உள்ளது பறக்கும் நேரம் மட்டுமில்லை. இங்கே தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே தரிப்பிடத்தில் போய் நிற்கும் வரை எல்லாம் அதற்குள் அடங்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். மேலே ஏறும்போது 500 வேகம் வராது. இவ்வளவு கிட்டத்தில் ஏறி முடிந்த கையோடு இறங்கத் தொடங்கிவிடும். அந்த 22 நிமிடக் கணக்கை மறந்துவிடுங்கோ.

கொக்குவில் மகள்:
நன்றி அண்ணை, இப்போது விளங்குகிறது. ஒரு இணையத்தளம் 44 நிமிடம் என்றும் காட்டியதே?

பலாலி வீதி:
அது ஜெட் கணக்கு. மணிக்கு 800 கிலோமீற்றர் என்று வைத்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டியிருப்பார்கள். இது காற்றாடி விமானம், அதை நம்பிப் பதிய வேண்டாம்.

திருச்சிக்காரன்:
அக்கா, எங்க ஊர் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. நீங்க தென்கிழக்கிலிருந்து, அதிராம்பட்டினம் பக்கமாகக் கரையேறி வருவீங்க. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மேற்கிலிருந்து காற்று அடித்தால் நேராக வந்து இறங்கலாம். தை மாதம் கிழக்கிலிருந்து காற்று என்றால் விமான நிலையத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து இறங்க வேண்டியிருக்கும். அதற்குச் சில நிமிடம் கூடுதலாகும்.

ரயில்தான் முக்கியம். ஜங்ஷன் 6 கிலோமீட்டர் போலத்தான், ஆனால் குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் இருக்கிறது. அம்மாவோடு வரும்போது இறங்கும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாவது விடுங்க. சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்க. அப்புறம், திருச்சி டவுன், ஸ்ரீரங்கம் எல்லாம் வேறு ஸ்டேஷன். ஜங்ஷன் என்று பார்த்து எடுங்க.

பலாலி வீதி:
ஜன்னல் பக்கம் கேளுங்கோ. ஏடிஆரின் இறக்கை மேலே இருப்பதால் கீழே கடல் மறைக்காது.

கொக்குவில் மகள்:
போய்ச் சேர்ந்துவிட்டோம். எழும்பி இறங்கும் வரை 40 நிமிடம் மட்டில். வளைந்து திரும்பித்தான் இறங்கியது. திரும்பும்போது தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது. அம்மா கண்ணாடியோடு நெற்றியை வைத்துக்கொண்டு, "பிள்ளையாரே, நல்லாத் தெரியேல்லை, வரேக்கை பாக்கிறன்" என்றா. ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது. ஜங்ஷனில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறோம்.