‘பெகாட்டன்’ படத்தின் அந்தத் தோற்றம் எப்படி வந்தது? அதற்குப் பிறகு மெரிஜ் என்ன ஆனார்?

கருவெள்ளை:
அமெரிக்க இயக்குநர் இ. எலியாஸ் மெரிஜ் 1989-ல் முடித்த ‘பெகாட்டன்’ என்ற பரிசோதனைத் திகில் படத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டு கேள்வி. சாம்பல் நிறமே இல்லாமல், முகம் எது மண் எது என்று தெரியாத அந்தப் பிம்பம் எப்படி வந்தது? நான் டிஜிட்டல் கேமராவில் 10-பிட் லாக்கில் (பிறகு திருத்துவதற்காக கான்ட்ராஸ்ட் குறைத்துப் பதியும் முறை) எடுத்த காட்சிக்கு மேலே கிரெயின் (ஃபிலிமின் பொடிப்புள்ளி) ஓவர்லே போட்டால் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரிதான் நிற்கிறது. அடுத்தது, இப்படி ஒரு படம் எடுத்தவருக்கு ஹாலிவுட் கதவு எப்படித் திறந்தது, ஏன் திறந்தே இருக்கவில்லை?

பதினாறுஎம்எம்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். படம் பிடித்தது 16 எம்.எம். கருப்பு வெள்ளை ரிவர்சல் ஃபிலிமில் (கழுவியதும் நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் பாசிட்டிவ் பிம்பம் தருவது). அதை ஆப்டிகல் பிரிண்டரில் (ஒரு ஃபிலிமை இன்னொரு ஃபிலிமில் படம் பிடிக்கும் கருவி) ஏற்றி, ஃபிரேம் ஃபிரேமாக நெகட்டிவில் மறுபடி படம் பிடித்தார். பிரிண்டரையே அவர்தான் கட்டினார். ஒரு நிமிடப் படத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் பிடித்ததாகச் சொல்வார்கள். ஒரு நிமிடம் என்பது 1,440 ஃபிரேம், 36 அடி. 10 மணி நேரம் என்றால் ஃபிரேமுக்கு 25 விநாடி. படம் 72 நிமிடம், மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சாம்பல் காணாமல் போவது இந்த நகலெடுப்பில்தான். காமா (ஃபிலிமின் கான்ட்ராஸ்ட் அளவு) கூட்டலில் ஏறாது, பெருக்கலில் ஏறும். மூல ஃபிலிம் 1.5, நகல் ஃபிலிம் 2 என்று வைத்தால் கையில் வருவது 3. நடு டோன்களுக்கு, அதாவது சாம்பலுக்கு, அதில் இடமே இருக்காது.

சில காட்சிகளுக்கு, படம் பிடிக்கும் முன்பே நெகட்டிவை உப்புத்தாளில் தேய்த்திருக்கிறார். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க: முழு இருட்டில் செய்ய வேண்டும். தேய்த்த தூளை ஊதி எடுக்காவிட்டால் அது கேமரா கேட்டில் (ஃபிலிம் வெளிச்சம் படும் சட்டம்) போய் உட்கார்ந்து, ரோல் முழுக்க ஒரே இடத்தில் நேர்க்கோடு போடும். நெகட்டிவில் எமல்ஷன் (பிம்பம் பதியும் பூச்சு) உரிந்த இடம் பிரிண்டில் கருப்பாக வரும். ரிவர்சலில் அதே கீறல் திரையில் வெள்ளையாக வரும். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

இன்று ஃபிலிமில் செய்வதென்றால் ட்ரை-எக்ஸ் ரிவர்சல் 7266 (டங்ஸ்டன் விளக்கு வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 160) போதும். ரிவர்சலில் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) தப்பினாலே கண்ணுக்குத் தெரியும். பிரிண்டரில் முதலில் அரை அரை ஸ்டாப்பாக 9 படி, படிக்கு 10 ஃபிரேம் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். இரண்டேகால் அடி ஃபிலிம்தான் செலவு. இதைத் தவிர்த்தவர்களுக்குத்தான் ரோல் மொத்தமும் கரியாகத் திரும்பி வரும்.

நோட்_நம்பர்_3:
டிஜிட்டலில் தப்பு நடப்பது வரிசையில். கிரெயினை கடைசி நோடில் (கலர் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் நடக்கும் படி) போடுகிறீர்கள். கான்ட்ராஸ்ட் கர்வுக்கு முன்னால் போடுங்கள். அப்போதுதான் கர்வ் கிரெயினையும் சேர்த்து வெட்டும், கிரெயின் உருவத்தின் ஓரத்தைத் தின்னும். நீங்கள் தேடுவது அந்த அரித்த ஓரத்தைத்தான்.

என் வரிசை: கருப்பு வெள்ளையாக்கும்போது நீலச் சேனலைத் தூக்கி சிவப்பைக் குறைப்பது (தோல் இருண்டு திட்டுத் திட்டாகும்), அடுத்து லேசான பிளர், பிறகு கிரெயின், பிறகு செங்குத்தான கர்வ். பிளர் இல்லாமல் வெட்டினால் ஓரம் படிக்கட்டாக உடையும். கடைசியில் ஃபிரேமுக்கு ஃபிரேம் 3-5% வெளிச்ச ஏற்ற இறக்கம், ஒன்றிரண்டு பிக்சல் ஆட்டம். இரண்டும் ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும். சீரான அலையாகப் போட்டால் டியூப்லைட் கோளாறு என்று நினைப்பார்கள்.

பதினாறுஎம்எம்:
வரிசை சரி, ஆனால் பாதிதான். நடு டோன் சாகப்போகிறது என்று தெரிந்துதான் ஷாட் வைக்க வேண்டும். ஒரே கடின விளக்கு, பக்கவாட்டில். உடலின் வெளிக்கோடு பின்னணியிலிருந்து பிரிந்து தெரியணும். மென்மையான மேகமூட்ட வெளிச்சத்தில் எடுத்ததை எந்த நோடும் காப்பாற்றாது, வெறும் சேறுதான் மிஞ்சும்.

மூன்றாம்_ரீல்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ‘பெகாட்டன்’ வசூலால் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எழுத்தாளரும் விமர்சகருமான சூசன் சொன்டாக் படத்தை ஆதரித்தார், கள்ள வீடியோ கேசட்டில் கைமாறியது. 1996-ல் ராக் பாடகர் மர்லின் மேன்சனுக்கு மெரிஜ் வீடியோ செய்தார். ‘கிரிப்டார்கிட்’ பாடல் வீடியோவில் ‘பெகாட்டன்’ காட்சிகளே வரும். நடிகர் நிக்கோலஸ் கேஜ் ‘பெகாட்டன்’ பார்த்துவிட்டுத்தான் தன் சாட்டர்ன் ஃபிலிம்ஸ் நிறுவனம் தயாரித்த ‘ஷேடோ ஆஃப் தி வாம்பயர்’ (2000) படத்தை அவரிடம் கொடுத்தார்.

அந்தப் பொருத்தத்தைக் கவனியுங்கள். கதை, ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் 1921-ல் ‘நொஸ்ஃபராட்டு’ என்ற மௌன வாம்பயர் படத்தை எடுத்தபோது நடந்ததாகக் கற்பனை செய்தது. பழைய ஃபிலிமின் பிம்பத்தை உருவாக்கத் தெரிந்த ஆள் தேவை, அது அவர் கையில் இருந்தது. ஆனால் திரைக்கதை ஸ்டீவன் கேட்ஸுடையது, நடிகர்கள் மால்கோவிச், டஃபோ. டஃபோவுக்கும் ஒப்பனைக்கும் ஆஸ்கர் பரிந்துரை வந்தது.

அடுத்த ‘சஸ்பெக்ட் ஜீரோ’ (2004) ஒரு சாதாரண எஃப்.பி.ஐ. திரில்லர். பென் கிங்ஸ்லி இருந்தும் ஓடவில்லை. அவருடைய கைத்திறமை அங்கே ஓரிரு காட்சிக்குத்தான் பயன்பட்டது என்பது என் கணிப்பு. 2006-ல் ‘டின் ஆஃப் செலஸ்டியல் பர்ட்ஸ்’ என்ற குறும்படத்தோடு மறுபடி பரிசோதனைப் பக்கம் போய்விட்டார். தோற்றத்துக்காகக் கூப்பிடுகிறவர்கள் அந்தத் தோற்றம் கேட்கும் கதையோடுதான் வருவார்கள், அப்படிப்பட்ட கதை அடிக்கடி கிடைக்காது.

கருவெள்ளை:
நன்றி. கிரெயினைக் கர்வுக்கு முன்னால் மாற்றியதும் ஸ்டிக்கர் பிரச்சினை போய்விட்டது. யூடியூபில் ஏற்றினால் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது.

நோட்_நம்பர்_3:
ஒவ்வொரு ஃபிரேமும் முற்றிலும் வேறாக இருப்பதால் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) திணறும். 1080-ஐ 4கே-வாக ஏற்றி அனுப்புங்கள், அதிக பிட்ரேட் (விநாடிக்கான டேட்டா அளவு) ஒதுக்குவார்கள். கிரெயின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஒரு பிக்சல் கிரெயின்தான் முதலில் அழியும். திரைப்பட விழாவுக்கு அனுப்பும் டிசிபி-க்கு (தியேட்டரில் திரையிடும் டிஜிட்டல் பிரதி) மாஸ்டரைத் தனியாக வையுங்கள், அதில் இந்த மாற்றம் வேண்டாம்.